கடலுலா: ‘சொகுசுக் கப்பல்’ என்று சொல்வது ஏன் பொருந்தாது?

‘குழந்தைகளுடன் சொகுசுக் கப்பல் பயணம்: பெற்றோருக்குச் சில குறிப்புகள்.’ விடுமுறைக் காலம் நெருங்கினால் போதும், இந்தத் தலைப்பிலோ இதற்குக் கொஞ்சம் முன்பின்னாகவோ கட்டுரைகள் வரத் தொடங்கிவிடும். உள்ளே இருக்கும் குறிப்புகள் பெரும்பாலும் நல்லவைதான். தலைப்பில் இருக்கிற சொல்தான் உறுத்துகிறது. ஆங்கிலத்தில் ‘குரூஸ்’ என்று எங்கே வந்தாலும் யோசிக்காமல் ‘சொகுசுக் கப்பல்’ என்று போட்டுவிடுகிறார்கள். அந்தச் சொல்லுக்குள் சொகுசு எங்கேயும் கிடையாது. இருந்ததும் இல்லை.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டச்சு மொழியில் சிலுவையைக் குறிக்கும் சொல்லிலிருந்து ஒரு வினைச்சொல் பிறந்தது. கடலில் இப்படியும் அப்படியும் கடந்து திரிவது என்று அதற்குப் பொருள். 17ஆம் நூற்றாண்டில் அதை ஆங்கிலம் எடுத்துக்கொண்டது. எதிரிக் கப்பல் கண்ணில் படுமா என்று ஒரே கடற்பரப்பைச் சுற்றிச் சுற்றி வந்த போர்க்கப்பல்களின் வேலைக்குத்தான் முதலில் அந்தப் பெயர். ‘குரூசர்’ என்ற போர்க்கப்பல் வகைக்குப் பெயர் வந்தது இப்படித்தான். நாம் ‘குறுக்கும் நெடுக்குமாக’ என்று சொல்வோமே, ஏறக்குறைய அதே படம். ஓர் ஊரை அடைந்தாக வேண்டும் என்ற முடிவில்லாமல் கடலில் உலவித் திரும்புவதுதான் அடிப்படைப் பொருள்.

சரி, போர்க்கப்பல் சொல் விடுமுறைப் பயணத்துக்கு எப்படி வந்தது? குரூஸ் என்றாலே சொகுசுதான் என்பவர்களின் வாதம் இங்கேதான் உடைகிறது. ஹாம்பர்க்-அமெரிக்கா நிறுவனத்திடம் ‘அகஸ்டா விக்டோரியா’ என்ற கப்பல் இருந்தது. ஹாம்பர்க்கிலிருந்து நியூயார்க்குக்கு ஆள் ஏற்றிப் போவது அதன் வேலை. குளிர்காலத்தில் அட்லாண்டிக்கைக் கடக்க ஆள் வராது, கப்பல் சும்மா கிடக்கும். நிறுவனத்தின் இயக்குநர்களில் ஒருவரான ஆல்பர்ட் பாலின், 1891 ஜனவரியில் அதை மத்தியதரைக் கடலைச் சுற்றிவர அனுப்பினார். அதே கப்பல், அதே அறைகள், அதே சாப்பாட்டுக் கூடம். நியூயார்க் போனபோது அது ‘லைனர்’, அதாவது இரண்டு துறைமுகங்களுக்கு இடையே வழக்கமாக ஓடும் தடக்கப்பல். மத்தியதரைக் கடலைச் சுற்றப் போனபோது அந்தப் பயணம் ‘குரூஸ்’. இரண்டிலும் சொகுசு ஒன்றுதான், மாறியது போன வழி மட்டுமே. சுற்றிவருவதற்கென்றே கட்டிய ‘பிரின்சசின் விக்டோரியா லூயிஸ்’ 1901இல்தான் பயணம் கிளம்பியது.

டைட்டானிக்கைப் பாருங்கள். 1912இல் அதைவிடச் சொகுசான கப்பல்கள் மிகக் குறைவு. ஆனால் அது சுற்றிவரக் கிளம்பிய கப்பல் இல்லை, சவுத்தாம்ப்டனிலிருந்து நியூயார்க் போகப் புறப்பட்டது. நம் ஏடுகள் டைட்டானிக்கையும் ‘சொகுசுக் கப்பல்’ என்கின்றன, இன்றைய விடுமுறைக் கப்பலையும் ‘சொகுசுக் கப்பல்’ என்கின்றன. நோக்கத்தில் வேறுபட்ட இரண்டுக்கும் ஒரே பெயர். இனி இரண்டையும் பிரித்துச் சொல்ல வேண்டிய கட்டுரை வந்தால் மொழிபெயர்ப்பாளர் என்ன செய்வார்? எளிய அறைகளும் குறைந்த கட்டணமுமாக ஓடும் குரூஸ்களும் உண்டே, அவற்றை என்னவென்று சொல்வார்? ‘சொகுசு இல்லாத சொகுசுக் கப்பல்’ என்றா? தரத்தைச் சொல்லும் அடைமொழியை எடுத்துப் பொருளுக்கே பெயராக வைத்தால் இந்தச் சிக்கல் தவிர்க்க முடியாதது.

‘உல்லாசக் கப்பல்’ என்பது அடுத்த போட்டி. உல்லாசம் சமஸ்கிருதச் சொல் என்பதற்காக நான் அதை ஒதுக்கவில்லை. ‘பயணம்’கூட அங்கிருந்து வந்ததுதான், அதை விட்டுவிட்டு ஒரு நாள் எழுத முடியுமா? இலங்கைத் தமிழில் ‘உல்லாசப் பயணி’ என்பது சுற்றுலாப் பயணிக்கு இயல்பான, மதிப்பான சொல். அங்கே அது நன்றாகவே வாழ்கிறது. ஆனால் தமிழ்நாட்டுச் செய்தித்தாள்கள் ‘உல்லாசம்’ என்ற சொல்லை எந்தச் செயலுக்கு இடக்கரடக்கலாக ஒதுக்கி வைத்திருக்கின்றன என்பது செய்தி படிக்கும் எல்லோருக்கும் தெரியும். மூன்று வயதுப் பிள்ளையையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு போகிற பயணத்துக்கு அந்தச் சொல்லை வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. ஒரு நல்ல சொல்லை அப்படிக் கெடுத்ததும் வருத்தம்தான்.

தூய தமிழ்ப் பக்கத்திலிருந்து ‘கடற்செலவு’ என்ற யோசனையும் வருகிறது. பழந்தமிழில் செலவு என்றால் போதல், பயணம். தலைவன் பிரிந்துபோவதைத் தள்ளிப்போடுவது ‘செலவழுங்கல்’. அழகான சொல்தான். இன்று யாரிடமாவது ‘குழந்தைகளோடு கடற்செலவு’ என்று சொல்லிப் பாருங்கள், எவ்வளவு ஆகும் என்றுதான் கேட்பார்கள். பொருள் மாறிப்போன சொல்லை அகராதியிலிருந்து எழுப்பிக்கொண்டு வந்தால் அது தன் இன்றைய பொருளையும் கூடவே கொண்டுவரும். தூய்மை வேண்டும் என்பதில் எனக்கு உடன்பாடு உண்டு, கேட்பவருக்குப் புரிந்த பிறகு.

பழைய சொல் ஒன்று ஆயத்தமாகக் கிடைக்காததற்குக் காரணமும் உண்டு. கடற்கலங்களுக்கு நம்மிடம் பெயர்ப் பஞ்சம் கிடையாது: கலம், வங்கம், நாவாய், அம்பி, தோணி, திமில், பஃறி. ஆனால் அவை பொருள் தேடவும் மீன் பிடிக்கவும் ஆற்றைக் கடக்கவும் போனவை. ‘முந்நீர் வழக்கம் மகடூஉவோடு இல்லை’ என்று தொல்காப்பியத்தில் ஒரு நூற்பா வருகிறது. மனைவியைக் கூட்டிக்கொண்டு கடல் கடந்து போகும் வழக்கம் இல்லை என்பது அதற்குப் பரவலாகச் சொல்லும் பொருள். மனைவிக்கே இடம் இல்லாத வழக்கத்தில் குழந்தைக்கு எங்கே இடம்? குடும்பமாகக் கடலில் சுற்றிவருவது நமக்குப் புதிய செயல். அதற்குப் புதிய சொல்தான் வேண்டும், ஆனால் பழகிய துண்டுகளால் கட்டிய சொல்லாக.

அந்தத் துண்டு நம் கையிலேயே இருக்கிறது: உலா. உலவுதல், உலாவுதல், உலா வருதல் எல்லாம் ஒரே குடும்பம். அரசனோ இறைவனோ வீதியில் பவனி வருவதைப் பாடும் சிற்றிலக்கியத்துக்கு ‘உலா’ என்றே பெயர். சேரமான் பெருமாள் பாடிய திருக்கயிலாய ஞானவுலாவை ‘ஆதி உலா’ என்பார்கள், ஒட்டக்கூத்தர் மூன்று சோழர்மேல் பாடியது மூவருலா. வீதியுலா போகிறவர் ஊரை விட்டு வேறெங்கோ போய்ச் சேர்வதில்லை. சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே திரும்புகிறார். வழிதான் அங்கே நோக்கம். குரூஸ் என்ற சொல்லின் பொருள் இதில் அப்படியே உட்கார்ந்துகொள்கிறது. ‘சுற்றுலா’ என்று ஒரு சொல் செய்தார்கள், இன்று அது புதுச்சொல் என்றே யாருக்கும் தோன்றுவதில்லை. இணையத்தில் பக்கம் பக்கமாகத் திரிய உதவுவதை ‘உலாவி’ என்றார்கள், அதுவும் நின்றுவிட்டது. ஆகவே கடலுலா. அதற்கான கப்பல் உலாக்கப்பல். வழியில் இறங்கி ஊர் பார்த்துவிட்டுக் கப்பலுக்குத் திரும்புவது கரையுலா.

உலா என்றால் கோயில் வாசனை அடிக்கிறது என்று ஒரு மறுப்பைக் கேட்டிருக்கிறேன். ‘சுற்றுலாத் துறை’ என்று சொல்லும்போது யாருக்காவது அந்த வாசனை வருகிறதா? பூங்காவில் மாலையில் உலாவப் போகிறவர் தேர் ஏறிப் போகிறாரா? இந்த மறுப்பில் எனக்கு எந்த வலுவும் தெரியவில்லை. ‘கப்பலுலா’ என்று வைக்கலாமே என்றால், வைக்கலாம், தவறில்லை. கடலுலா என் காதுக்கு இனிமையாக இருக்கிறது, அவ்வளவே.

ஒரு எச்சரிக்கை மட்டும் சேர்க்க வேண்டும். குரூஸ் என்று வரும் இடமெல்லாம் உலா பொருந்தாது. விமானம் ஏறி முடித்து, இறங்கத் தொடங்கும்வரை சீராகப் பறக்கும் கட்டமும் குரூஸ்தான். காரில் மிதியை அழுத்தாமலே வேகத்தை மாறாமல் வைத்திருக்கும் வசதிக்கும் அதே பெயர். அங்கே சொல் சீரான வேகம் என்ற பக்கத்துக்கு நகர்ந்துவிட்டது, ‘சீர்வேகம்’ என்பதே சரி. குரூஸ் ஏவுகணையும் இந்தக் கிளைதான். அதை யாரும் ‘சொகுசு ஏவுகணை’ என்று எழுதுவதில்லை. அங்கே யோசிக்க முடிகிறவர்களால் கப்பலுக்கும் கொஞ்சம் யோசிக்க முடியும்.

ஒரு பெயரால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். சின்னக் குழந்தை வைத்திருப்பவர்களுக்கு ‘சொகுசு’ என்ற சொல் தவறான எதிர்பார்ப்பைத் தருகிறது. எல்லாம் ஆயத்தமாக இருக்கும், கேட்டதெல்லாம் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு. உண்மையில் கடலுலாவின் விதிகளைத் தீர்மானிப்பது கடல்தான். பெரும்பாலான நிறுவனங்கள் 6 மாதம் நிறையாத குழந்தையை ஏற்றுவதில்லை. பெருங்கடலைக் கடப்பது போல நாள்கணக்கில் கரையே தொடாத வழி என்றால் 12 மாதம் ஆகியிருக்க வேண்டும். கப்பலில் மருத்துவர் இருப்பார். ஆனால் பச்சிளங் குழந்தைக்கு மோசமாகிவிட்டால் தேவைப்படும் வசதி கரையில்தான் இருக்கிறது. நீச்சல் குளம் என்று படத்தில் பார்த்துவிட்டுப் போகிறார்கள். டயாபர் விடாத குழந்தையைப் பொதுக் குளத்தில் இறக்கக் கூடாது என்பது அமெரிக்கத் துறைமுகங்களைத் தொடும் கப்பல்களுக்கான சுகாதார விதி. நீச்சல் டயாபர் போட்டாலும் விடமாட்டார்கள். பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் விளையாட்டுக் கூடமும் பெரும்பாலும் 3 வயதிலிருந்துதான், அதுவும் தானாகக் கழிப்பறை போகப் பழகியிருந்தால். ‘கடலில் சுற்றப் போகிறோம்’ என்று நினைத்தவர் இதையெல்லாம் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்வார். ‘சொகுசில் இருக்கப் போகிறோம்’ என்று நினைத்தவர் குழந்தை அழும்போது கேட்பார்.

மொழிபெயர்ப்பின் அலட்சியம் அதிகம் உறுத்துவது இந்த வயதுக் கணக்கில்தான். ஆங்கிலத்தில் கைக்குழந்தைக்கு ஒரு சொல், நடை பழகும் பிள்ளைக்கு ஒரு சொல், சிறுவர்க்கு ஒரு சொல் என்று மூன்றையும் தெளிவாகப் பிரித்து விதி எழுதியிருப்பார்கள். தமிழில் மூன்றும் ‘குழந்தைகள்’ ஆகிவிடும். ‘குழந்தைகளுக்கு அனுமதி உண்டு, குழந்தைகளுக்கு அனுமதி இல்லை’ என்று அடுத்தடுத்த வரிகளில் படித்திருக்கிறேன். பிள்ளைத்தமிழ் என்று ஓர் இலக்கிய வகையே வைத்து, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை என்று மாதக்கணக்கில் குழந்தையின் பருவத்துக்குப் பெயர் வைத்த மொழி இது. ஐந்தாம் மாதத்தை ஒட்டிய செங்கீரைக்கும் ஓராண்டை ஒட்டிய வருகைக்கும் நடுவேதான் அந்த 6 மாத விதி விழுகிறது. அந்தப் பெயர்களை விதிப்புத்தகத்தில் எழுதச் சொல்லவில்லை. கைக்குழந்தை, நடைபழகும் குழந்தை, சிறுவர் என்றாவது பிரித்து எழுதலாமே. யாருக்குப் புரியாது?

மற்ற சொற்களும் இந்த நிலையில்தான் இருக்கின்றன. வழியில் கப்பல் நின்று போகும் ஊரை ‘அழைப்புத் துறைமுகம்’ என்று எழுதுகிறார்கள். யார் யாரை அழைத்தார்கள்? இடைத்துறைமுகம் என்றால் முடிந்தது. கப்பல் புறப்படும்போது எல்லோரையும் ஓரிடத்தில் கூட்டி, ஆபத்து வந்தால் எங்கே வர வேண்டும், மிதவை அங்கியை எப்படிக் கட்ட வேண்டும் என்று காட்டுவார்கள். அதை ஒரு வழிகாட்டியில் ‘வருகைப் பதிவுப் பயிற்சி’ என்று பார்த்தேன். படிக்கிற தாய், குழந்தை தூங்குகிறதே, பதிவுதானே, அப்புறம் போய்க்கொள்ளலாம் என்று நினைத்தால் அது அவருடைய குற்றமா? 2012இல் கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதி 32 பேர் இறந்தபோது, அன்றுதான் ஏறிய பயணிகளுக்கு அந்த ஒத்திகை நடந்திருக்கவில்லை. 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பது அன்றைய விதி. 2015 முதல், புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ நடத்தியாக வேண்டும் என்று உலக அளவில் மாற்றினார்கள். அதற்குப் பெயர் ‘ஆபத்துக்கால ஒத்திகை’. கூடும் இடம் ‘கூடுமிடம்’. இதில் கடினமான சொல் ஒன்றுகூட இல்லை. கைக்குழந்தை அளவுக்கும் சிறுவர் அளவுக்கும் தனித்தனி மிதவை அங்கிகள் கப்பலில் இருக்கும், இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் ‘குழந்தைகள் அங்கி’ என்று மட்டும் எழுதி வைத்தால் எட்டு வயதுக்காரனின் அங்கியை எட்டு மாதக் குழந்தைக்கு வாங்கிக்கொண்டு போவார்கள், அது கழுத்து வழியே கழன்றுவிடும்.

கடைசியாக, ஆற்றில் போகும் குரூஸ். அதை ‘நதி சொகுசுக் கப்பல்’ என்று எழுதுவதைப் பார்க்கிறேன், சில இடங்களில் ‘ஆற்றுக் கடற்பயணம்’ என்றுகூட. ஆற்றுலா என்று எழுதுங்கள். கடலுலாவுக்குப் பழகிய பெற்றோர் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஆற்றுலாக் கப்பல்கள் சிறியவை, பிள்ளைகளுக்கான கூடம் பெரும்பாலும் இருக்காது, சிறு குழந்தைகளை ஏற்காத நிறுவனங்களும் பல. பதிவு செய்யும் முன் வயது வரம்பைக் கேட்டுக்கொள்ளுங்கள்.