ஜன்னல் ஷட்டருக்குள் ஒரு மோட்டார்: நாலு வயரும் நாலு சுற்றும்

ஜெர்மனியிலும் பிரான்ஸிலும் பல வீடுகளில் ஜன்னலுக்கு வெளியே, பட்டை பட்டையாகக் கோத்த ஒரு ஷட்டர் இருக்கும். கோடையில் வெயிலைத் தடுக்கும், குளிர்காலத்தில் கண்ணாடிக்கு வெளியே இன்னொரு அடுக்காக நின்று வெப்பம் வெளியேறுவதைக் குறைக்கும், ராத்திரி அறையைக் கும்மிருட்டாக்கும். மேலே ஏற்றினால் ஜன்னல் தலைக்கு மேலிருக்கும் பெட்டிக்குள் ஒரு குழாயில் சுருண்டுகொள்ளும். பழைய வீடுகளில் இதை ஏற்றி இறக்கச் சுவரோரம் ஒரு நாடா தொங்கும். அந்த நாடாவைக் கழற்றிவிட்டு மோட்டார் போடுவது இப்போது அங்கே சாதாரணமாகிவிட்டது.

மோட்டார் எங்கே என்று தேடினால் கண்ணில் படாது. அது அந்தக் குழாய்க்குள்ளேயே படுத்திருக்கிறது. குழாய் பெரும்பாலும் எண்கோண வடிவில், 60 மி.மீ. அகலத்தில் இருக்கும். உள்ளே போகிற மோட்டார் 45 மி.மீ. விட்டமுள்ள நீளமான உருளை. அந்த ஒல்லி உடம்புக்குள் மின்மோட்டார், வேகத்தைக் குறைக்கும் பல்சக்கரங்கள், பிரேக், நிறுத்தும் சுவிட்சுகள் எல்லாம் வரிசையாக அடங்கியிருக்கின்றன. இந்தத் துறையில் பெரிய பெயரான சோம்ஃபி நிறுவனம் 1969-இல் பிரான்ஸின் க்ளூஸ் என்ற ஊரில் தொடங்கியது. ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் கடிகாரத் தொழிலுக்குப் பேர்போன ஊர் அது. இவ்வளவு சின்ன இடத்தில் இத்தனை பல்சக்கரங்களை அடுக்கும் வித்தை அங்கே ஏற்கெனவே கைவசம் இருந்தது.

மோட்டாரின் தலைப்பக்கம் சுவரிலுள்ள தாங்கியில் அசையாமல் பொருந்தியிருக்கும். அதைச் சுற்றிக் குழாய்தான் சுழலும். மறுமுனையில் உள்ள சக்கரம் குழாயைப் பிடித்துத் திருப்புகிறது. தலைப்பக்கத்தில் இன்னொரு வளையம் உண்டு. அது குழாயைத் திருப்புவதில்லை, குழாய்தான் அதைத் திருப்பும். குழாய் எவ்வளவு சுற்றியது என்ற கணக்கு இந்த வளையம் வழியாகத்தான் மோட்டாருக்குப் போகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் மீதியெல்லாம் எளிது. ஷட்டர் எங்கே நிற்கிறது என்று மோட்டாருக்குத் தெரியவே தெரியாது. குழாய் எத்தனை சுற்று சுற்றியது என்பது மட்டும்தான் தெரியும்.

அந்தச் சுற்றுகள் எத்தனை என்று போட்டுப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். 1.5 மீட்டர் உயர ஷட்டர், 14 மி.மீ. தடிமனுள்ள பிளாஸ்டிக் பட்டைகள், 6 செ.மீ. குழாய் என்று வைத்துக்கொள்வோம். முழுசாகச் சுருண்டதும் சுருளின் விட்டம் ஏறக்குறைய 17 செ.மீ. அதற்கு வேண்டியது சுமார் நாலே நாலு சுற்று. மோட்டாரின் லேபிளில் 10/17 என்று போட்டிருந்தால், 10 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை (குழாயைத் திருப்பும் பலம்), நிமிடத்துக்கு 17 சுற்று என்று அர்த்தம். நாலு சுற்றுக்குப் பதினைந்து வினாடிகூட ஆகாது.

சரி, 10 நியூட்டன் மீட்டர் போதுமா? இந்த ஷட்டரின் எடை 10 கிலோ என்றால், கடைசிப் பட்டை ஜன்னல் திண்டை விட்டுக் கிளம்பும் நேரத்தில் முழு எடையும் குழாயில் தொங்கும். அப்போது ஆரம் (குழாயின் மையத்திலிருந்து பட்டை தொங்கும் இடம் வரையுள்ள தூரம்) 4 செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவு, தேவைப்படுவது 3.6 நியூட்டன் மீட்டர். பாதி ஏறியதும் தொங்கும் எடை பாதியாகிவிடும், ஆனால் சுருள் பருத்து ஆரம் 6.5 செ.மீ. ஆகியிருக்கும். கணக்குப் பார்த்தால் 3.2. எடை குறையக் குறைய ஆரம் கூடி ஈடுகட்டிவிடுகிறது, அதனால் பாதித் தூரம் வரை மோட்டாரின் சுமை பெரிதாக மாறுவதில்லை. பக்கச் சட்டங்களின் உராய்வு, காற்று, தூசி எல்லாவற்றையும் சேர்த்தாலும் 10 தாராளம். தேவைக்கு மேல் பெரிய மோட்டார் போடுவது நல்லதில்லை. ஷட்டர் எங்காவது சிக்கிக்கொண்டால் பலசாலி மோட்டார் பட்டையையே பிய்த்துவிடும்.

கையால் தள்ளும் கடை ஷட்டரில் எடையைத் தாங்கத் தண்டுக்குள் ஸ்பிரிங் இருக்கும். இந்த மாதிரி ஜன்னல் ஷட்டரில் அது இல்லை. நிறுத்தியதும் கீழே சரியாமல் பிடித்துக்கொள்வது பிரேக். மின்சாரம் இல்லாதபோது ஸ்பிரிங் அழுத்தி பிரேக் பிடித்திருக்கும். மின்சாரம் வந்ததும் காந்த இழுப்பில் விடுபடும். கரண்ட் போனாலும் ஷட்டர் நின்ற இடத்தில் நிற்பது இதனால்தான். பொத்தானை அழுத்தியதும் உள்ளே கேட்கும் 'டக்' சத்தம் இந்த பிரேக்குடையது.

இப்போது வயர்களுக்கு வருவோம். ஐரோப்பாவில் சாதாரண சுவிட்ச் வகை மோட்டாரிலிருந்து நாலு வயர் வெளியே வரும். நீலம் நியூட்ரல், பச்சை-மஞ்சள் எர்த். கறுப்பும் பழுப்பும் ஆளுக்கொரு திசைக்கு. 230 வோல்ட் ஃபேஸைக் கறுப்பில் கொடுத்தால் ஒரு பக்கம் சுற்றும், பழுப்பில் கொடுத்தால் மறுபக்கம். எது ஏற்றம், எது இறக்கம் என்பது மோட்டாரை ஜன்னலின் இடப்பக்கம் மாட்டினோமா வலப்பக்கம் மாட்டினோமா என்பதைப் பொறுத்தது. தலைகீழாக ஓடினால் சுவிட்சில் அந்த இரண்டையும் இடம் மாற்றினால் போதும்.

ஒரே ஃபேஸ் இரண்டு திசையிலும் எப்படிச் சுற்ற வைக்கிறது? மோட்டாருக்குள் ஒரே மாதிரியான இரண்டு கம்பிச் சுருள்கள் இருக்கின்றன. இரண்டின் ஒரு முனையும் நியூட்ரலில் சேர்ந்திருக்கும். மறுமுனைகளில் ஒன்று கறுப்பு, ஒன்று பழுப்பு. இந்த இரண்டுக்கும் நடுவே பாலமாக ஒரு கெப்பாசிட்டர். பழுப்பில் கரண்ட் கொடுத்தால் பழுப்புச் சுருளுக்கு நேராகப் போகிறது. கறுப்புச் சுருளுக்குக் கெப்பாசிட்டர் வழியாக, கிட்டத்தட்ட கால் அலை முந்திக்கொண்டு போகிறது. இந்த முன்பின் வித்தியாசம்தான் காந்தப்புலத்தைச் சுழல வைக்கிறது. கறுப்பில் கொடுத்தால் எது முந்துவது என்பது மாறுகிறது, சுழலும் திசையும் மாறிவிடுகிறது. கனமான திசைமாற்றி எதுவும் வேண்டாம், ஒரு கெப்பாசிட்டர் போதும். எனக்கு இந்த மோட்டாரில் மிகவும் பிடித்த இடம் இது.

இந்த அழகுக்குள்தான் ஆபத்தும் இருக்கிறது. பழுப்பில் ஓடிக்கொண்டிருக்கும்போது கறுப்பு வயர் சும்மா இருப்பதில்லை. கெப்பாசிட்டர் வழியாக அதிலும் மின்னழுத்தம் இருக்கும், 230 வோல்ட்டையும் தாண்டலாம். சுவிட்சில் கறுப்பு 'ஆஃப்' என்று நினைத்துத் தொட்டால் ஷாக் அடிக்கும். இரண்டு திசைக்கும் ஒரே நேரத்தில் ஃபேஸ் கொடுக்கவும் கூடாது. அதனால் சாதாரண இரட்டை லைட் சுவிட்ச் இதற்கு ஆகாது. மேல் பொத்தானை அழுத்தினால் கீழ் பொத்தான் இயங்காதபடி பூட்டிக்கொள்ளும் ஷட்டர் சுவிட்ச்தான் வேண்டும்.

அடுத்து, பலரும் சறுக்கும் இடம். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஜன்னல், ஒரே சுவிட்ச் போதுமே என்று இரண்டு மோட்டாரின் கறுப்பையும் கறுப்போடு, பழுப்பையும் பழுப்போடு சேர்த்துவிடுவார்கள். முதலில் ஒழுங்காக ஓடுவது போலத் தெரியும். இரண்டும் மேலே போகின்றன, முதல் மோட்டார் தன் எல்லையை, அதாவது நிற்க வேண்டிய இடத்தைத் தொட்டதும் அதன் உள் சுவிட்ச் ஏற்றும் வயரைத் துண்டிக்கிறது. இரண்டாவது இன்னும் ஓடுகிறது. அதன் கெப்பாசிட்டர் வழியாக இறக்கும் வயரில் வந்த மின்னழுத்தம், சேர்த்து முறுக்கிய இணைப்பு வழியாக முதல் மோட்டாருக்குள் நுழைகிறது. முதல் மோட்டார் கொஞ்சம் கீழே இறங்கும். இறங்கியதும் எல்லைச் சுவிட்ச் மறுபடி சேர, திரும்ப மேலே ஏறும். மறுபடி துண்டிப்பு, மறுபடி இறக்கம். ஜன்னல் தலையில் ஷட்டர் நடுங்கிக்கொண்டே நிற்கும். உள் சுவிட்சின் முனைகள் கருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் அப்புறம் எல்லையில் நிற்கவே நிற்காது. ஒவ்வொரு மோட்டாருக்கும் தனித்தனித் தொடுப்பு உள்ள சுவிட்சோ, மோட்டார்களைப் பிரிக்கும் ரிலேயோ (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) போடுவதுதான் வழி. எலக்ட்ரானிக் எல்லை உள்ள புதிய மோட்டார்கள் பலவற்றை நேராகவே சேர்க்கலாம், ஆனால் கையேட்டில் அப்படிச் சொல்லியிருந்தால் மட்டும்.

வயரை வெளியே கொண்டுவரும் விதத்திலும் கவனம் தேவை. மோட்டார் தலையிலிருந்து கேபிள் நேராக மேல்நோக்கிப் போனால் மழைநீர் அதன் வழியே இறங்கி மோட்டாருக்குள் போகும். முதலில் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு அப்புறம் மேலே கொண்டுபோனால், நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். சுழலும் சுருளில் கேபிள் உரசாதபடி கட்டவும் வேண்டும். ஜெர்மனியில் 230 வோல்ட் இணைப்பைத் தகுதி பெற்ற எலக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும். குழாயில் மோட்டாரைப் பொருத்துவது வரை வீட்டுக்காரர் செய்துகொள்ளலாம்.

இனி எல்லைகளை அமைப்பது. பழைய வகையில் மோட்டார் தலையில் இரண்டு சின்னத் திருகுகள், ஒன்று மேல் எல்லைக்கு, ஒன்று கீழ் எல்லைக்கு. வளையம் சுற்றச் சுற்ற உள்ளே ஒரு மரை நகர்ந்து போய், குறித்த இடத்தில் சுவிட்சை அழுத்தும். திருகைத் திருப்பினால் அந்த இடம் தள்ளிப்போகும். கீழ் எல்லையைவிட மேல் எல்லையில் கை மெதுவாக வேலை செய்ய வேண்டும். குழாய் 10 டிகிரி கூடுதலாகத் திரும்பினால் கீழே ஷட்டர் அரை செ.மீ.க்குச் சற்று மேல் நகரும். மேலே, சுருள் பருத்திருக்கும்போது, அதே 10 டிகிரிக்கு ஒன்றரை செ.மீ. நகரும். அடிப்பட்டை பெட்டிக்குள் போய் மாட்டிக்கொள்ள அது போதும்.

ரேடியோ மோட்டாரில் மூன்று வயர்தான்: ஃபேஸ், நியூட்ரல், எர்த். திசையை மாற்றும் வேலையை உள்ளேயே ரிலேக்கள் செய்துவிடும், மின்சாரம் எப்போதும் இருக்க வேண்டும். புரோகிராம் செய்யும் பொத்தான் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறினாலும் பல மாடல்களில் போக்கு ஒன்றுதான். புது மோட்டாரிடம் ரிமோட்டின் மேல், கீழ் பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினால் ஷட்டர் ஒரு கணம் மேலும் கீழுமாகத் துள்ளும். மோட்டாருக்குத் திரையில்லை, விளக்கில்லை, 'புரிந்தது' என்று சொல்ல இந்தத் துள்ளல் மட்டும்தான் இருக்கிறது. அப்புறம் திசை சரியா என்று பார்க்க வேண்டும். தப்பாக இருந்தால் நடுப்பொத்தானை அழுத்திப் பிடித்தால் மாறும். மேல் நிறுத்தம், கீழ் நிறுத்தம் இரண்டையும் காட்டி உறுதிசெய்து, கடைசியில் ரிமோட்டின் பின்னாலுள்ள குட்டிப் பொத்தானால் பதிவு செய்வார்கள். ஒவ்வொரு படிக்கும் ஒரு துள்ளல். துள்ளவில்லை என்றால் அந்தப் படி நடக்கவில்லை. வீட்டில் பல மோட்டார்கள் இருந்தால் ஒன்றுக்கு மட்டும் மின்சாரம் கொடுத்து வேலையைத் தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் எல்லாமே ஒரே ரிமோட்டைக் கற்றுக்கொள்ளும்.

ரிமோட் அனுப்பும் எண் ஒவ்வொரு அழுத்தலுக்கும் மாறுகிறது. சோம்ஃபியின் பழைய ரேடியோ முறை 433.42 மெகாஹெர்ட்ஸில் இப்படித்தான் பேசுகிறது. யாராவது ஒரு சமிக்ஞையைப் பதிவு செய்து மறுபடி ஒலிபரப்பினால், பழைய எண் என்று மோட்டார் ஒதுக்கிவிடும்.

இந்த அமைப்பு வேலையின் நடுவில் மோட்டார் திடீரென்று செத்தது போல நின்றால் பயப்பட வேண்டாம். இவை பொதுவாகத் தொடர்ந்து 4 நிமிடம் ஓடத்தான் செய்யப்பட்டவை. ஏற்றி இறக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தால் சூடாகி, உள்ளே உள்ள வெப்பக் காப்பு துண்டித்துவிடும். ஆறவிட்டால் தானாக வரும்.

இப்போது பலர் வீட்டு ஆட்டோமேஷனோடு இணைத்து, '50 சதவீதம் ஏற்று' என்று போனில் கட்டளையிடுகிறார்கள். ஷட்டர் பாதிக்குக் கீழேயே நிற்கிறது என்று புகார் வரும். மோட்டாரில் கோளாறு இல்லை. ஓடும் நேரத்தை மட்டும் அளக்கும் சாதனம், பாதி நேரம் ஓடினால் பாதித் தூரம் என்று எடுத்துக்கொள்கிறது. ஆனால் கீழிருந்து கிளம்பும்போது சுருள் சின்னது, ஒரு சுற்றுக்கு ஏறும் தூரமும் குறைவு. மேலே சொன்ன அதே ஷட்டரில் பாதி நேரத்தில் 38 சதவீத உயரம்தான் ஏறியிருக்கும். பாதியைத் தொட மொத்த நேரத்தில் சுமார் 60 சதவீதம் வேண்டும். சுருள் பருப்பதைக் கணக்கில் சேர்க்கும் திருத்தம் சில சாதனங்களில் இருக்கிறது. அது இல்லாவிட்டால் 50 என்று வேண்டும்போது 60 என்று கொடுக்கலாம். நிறுத்தி நிறுத்தி ஓட்டும்போது சின்னச் சின்ன நேரப் பிழைகளும் சேர்ந்துகொண்டே போகும். அதனால் நாளுக்கு ஒரு தடவையாவது ஷட்டரை முழுசாக ஒரு எல்லை வரை ஓடவிடுவது நல்லது. அங்கே போய் நின்றதும் சாதனம் தன் கணக்கைப் புதிதாக ஆரம்பிக்கும்.