டம்ளரையும் வேப்பிலை என்று சொல்லும் ஏஐ

எட்டாம் வகுப்புக்கு ஏஐ பாடம் எடுக்கப் போகும்போது நான் கையோடு கொண்டுபோவது வேப்பிலை ஒரு கொத்து, கறிவேப்பிலை ஒரு கொத்து. படம் காட்டி ஏஐயைப் பழக்கும் கூகுளின் 'டீச்சபிள் மெஷின்' பிரவுசரிலேயே ஓடும். இலவசம், ஒரு வரி கோடிங்கூட வேண்டாம். பிள்ளைகள் வெப்கேமில் படமெடுத்து எது எந்த இலை என்று சொல்லிக்கொடுப்பார்கள். சில நிமிடங்களில் மாடல், அதாவது அந்தப் படங்களிலிருந்து கற்றுக்கொண்ட ஏஐ, தயார். காட்டுகிற இலையைச் சரியாகச் சொன்னதும் ஒரே கைதட்டல்.

பாடம் அதற்குப் பிறகுதான். வேப்பிலைக் குழு வெள்ளைத்தாளில் வைத்துப் படமெடுத்திருக்கும். கறிவேப்பிலைக் குழு பெஞ்சின் மேல் வைத்து. நான் தடுப்பதில்லை. இப்போது வேப்பிலையைப் பெஞ்சில் வைத்துக் காட்டினால், பெரும்பாலும் கறிவேப்பிலை என்றே பதில் வரும். மாடல் இலையோடு சேர்த்துப் பின்னணியையும் படித்திருக்கிறது. அடுத்து ஒரு எவர்சில்வர் டம்ளரைக் காட்டுவேன். அதையும் இரண்டில் ஒன்றாகத்தான் சொல்லும், சில சமயம் 90 சதவீதத்துக்கு மேல் உறுதியோடு! நாம் கொடுத்தது இரண்டே வகை. இரண்டின் சதவீதமும் சேர்ந்து 100 ஆக வேண்டும் என்பது அதன் கணக்கு. "தெரியாது" என்ற பதிலுக்கு அங்கே இடமே இல்லை.

இதைக் கண்ணால் பார்த்த பிள்ளைக்கு முகமறியும் மென்பொருள்களைப் பற்றிச் சொல்வது எளிது. ஏஐ ஆய்வாளர்களான ஜாய் புவோலாம்வினி, டிம்னிட் கெப்ரு இருவரும் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் வணிக மென்பொருள்களைச் சோதித்தார்கள். வெளிர்நிற ஆண்களிடம் பிழை அதிகபட்சம் 0.8 சதவீதம், கருநிறப் பெண்களிடம் 34.7 சதவீதம் வரை போனது. "அப்போ அவங்க ஃபோட்டோ கம்மியா குடுத்திருப்பாங்களா சார்?" என்று யாராவது கேட்டுவிட்டால் அன்றைய வகுப்பு எனக்கு வெற்றி.

சிபிஎஸ்இ 2019-20-இலேயே ஒன்பதாம் வகுப்பில் ஏஐயை விருப்பப் பாடமாக்கிவிட்டது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளிலும் 6 முதல் 8 வரை 'டிஎன் ஸ்பார்க்' என்ற ஏஐ பாடத்திட்டம் வந்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் பாடம் வந்த வேகத்தில் பலர் பைதான் என்ற நிரல்மொழிக்கோ சாட்ஜிபிடிக்கோ தாவிவிடுகிறார்கள். பத்தாம் வகுப்பில் திட்ட விலக்கம் (எண்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற கணக்கு) போடுகிற பிள்ளை, தானே திரட்டிய எண்களை வைத்து ஒரு கணக்காவது போட்டிருக்குமா?

அதற்கு நான் கொடுப்பது ஈபி கணக்கு. வீட்டில் கேட்டு, விருப்பமிருந்தால் மட்டும், கடைசி ரீடிங்கில் எத்தனை யூனிட் என்று ஒரு சீட்டில் எழுதிவரச் சொல்வேன். பெயர் வேண்டாம், இணைப்பு எண் வேண்டாம். சீட்டுகள் வந்ததும் வேடிக்கை தொடங்கும். ஒருவர் யூனிட்டுக்குப் பதில் ரூபாயை எழுதியிருப்பார். ஒருவர் இரண்டு மாதக் கணக்கைத் தானாகவே பாதியாக்கியிருப்பார். சில சீட்டில் 0. வீடு பூட்டியிருந்ததா, அல்லது 100 யூனிட் இலவசம் என்பதால் "பில் இல்லை" என்று போட்டதா? இதையெல்லாம் விசாரித்துத் திருத்தவே ஒரு பீரியட் போய்விடும். தரவு அறிவியலில் இருப்பவர்களின் நேரத்தில் கணிசமான பங்கு இதற்குத்தான் போகிறது. விளம்பரங்களில் இது வராது.

பிறகு சராசரி. ஏசி ஓடும் இரண்டு மூன்று வீடுகள் அதை மேலே இழுத்துவிடும். இடைநிலை அளவு, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண், பெரிதாக அசையாது. புத்தகத்தில் இரண்டும் ஏன் தனித்தனியாக இருக்கின்றன என்பது அப்போது புரியும். உடனே ஒரு குரல்: "அந்த 900 யூனிட் யாரு வீடுன்னு எனக்குத் தெரியும்!" பெயரை நீக்கினால் மட்டும் ஆளை மறைத்துவிட முடியாது என்பதற்கு வேறு பாடம் வேண்டாம். இந்த எண்களை வகுப்பைவிட்டு வெளியே கொண்டுபோகவும் மாட்டேன்.

வெளியே ஏஐ வகுப்பில் காசு கட்டிச் சேர்க்கும் பெற்றோருக்கு: பிள்ளை அங்கே எந்தத் தரவை வைத்துப் பழகுகிறது, முகமும் குரலும் எங்கே பதிவேறுகின்றன என்று கேளுங்கள். 18 வயதுக்குக் கீழானவரின் தரவுக்குப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது 2023-இல் இயற்றிய மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். சான்றிதழைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

கம்ப்யூட்டர் லேப் பூட்டியே கிடக்கும் பள்ளி ஆசிரியர்களுக்கு: ஈபி கணக்குக்குக் கோடுபோட்ட நோட்டும் கரும்பலகையும் போதும்.