மரபணுத்தொகை: ஒரு சொல்லும் காலராவின் வழித்தடமும்

நாளிதழ்களில் 'கிருமியின் மரபணுவைப் படித்தார்கள்' என்று வரும் செய்திகளில் பெரும்பாலும் பேசப்படுவது மரபணு அன்று, ஜீனோம். மரபணு என்பது ஒரு குறிப்பிட்ட வேலைக்கான தகவலைத் தாங்கும் டிஎன்ஏ துண்டு. ஜீனோம் என்பது ஓர் உயிரியிடம் உள்ள டிஎன்ஏ முழுவதும். இதற்கு மரபணுத்தொகுதி, மரபகராதி என்ற சொற்களும் வழக்கில் உண்டு. ஆனால் 'தொகுதி' நாலைந்து மரபணுக்களின் கூட்டத்தையும் குறிக்கக்கூடும்; 'அகராதி' என்றதும் சொற்பொருள் நினைவுதான் வருகிறது. மரபணுத்தொகை என்பதையே நான் விரும்புகிறேன். எட்டுத்தொகையில் உள்ள அதே தொகை, திரட்டி வைத்த முழுமை.

மரபணுவைக் குறிக்கும் 'ஜீன்' டென்மார்க்கின் தாவரவியலாளர் வில்ஹெல்ம் யோகான்சன் 1909இல் தந்த சொல். 1920இல் ஹாம்பர்க் தாவரவியலாளர் ஹான்ஸ் விங்க்லர் ஜெர்மனில் 'கெனோம்' என்றார். ஜீனும் குரோமோசோமும் (டிஎன்ஏவைத் தாங்கும் இழை) இணைந்த சொல் என்பது பரவலான விளக்கம். அதை ஆராயும் துறைக்கு 'ஜீனோமிக்ஸ்' என்ற பெயர் 1986இல்தான் வந்தது. தமிழில் மரபணுத்தொகையியல்.

பகுதிக்கும் முழுமைக்கும் உள்ள இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதைக் கரீபியக் கடல் நாடான ஹைட்டி காட்டியது. 2010 ஜனவரி நிலநடுக்கத்தில் நொறுங்கிய அந்நாட்டில், அக்டோபரில் அர்த்திபோனித் ஆற்றை ஒட்டி வாந்திபேதி வெடித்தது. அதற்குமுன் ஒரு நூற்றாண்டாக அங்கே காலரா பதிவானதில்லை. கடல்நீரின் வெப்பம் காரணம் என்றனர் சிலர். மிர்பலே அருகே ஐ.நா. அமைதிப்படையின் நேபாள முகாமிலிருந்து ஆற்றில் கலந்த கழிவே காரணம் என்றனர் ஊர்மக்கள்.

காலரா நச்சுக்குரிய மரபணு, கொள்ளைநோயாகப் பரவும் வகைகள் எல்லாவற்றிலும் ஏறத்தாழ ஒன்றுதான். அதை மட்டும் படித்தால் வந்த ஊர் தெரியாது. முழுத்தொகையையும் படிக்க வேண்டும். இக்கிருமியிடம் இரண்டு குரோமோசோம்கள், சுமார் 40 லட்சம் எழுத்துகள், அதாவது டிஎன்ஏவை ஆக்கும் வேதி அலகுகள். பெருகும்போது ஆண்டுக்கு ஏறத்தாழ மூன்று எழுத்துகள் பிறழ்கின்றன. ஏட்டுச்சுவடியைப் படியெடுப்பவரின் பிழை அடுத்தடுத்த படிகளிலும் தொடர, பாடபேதங்களைக் கொண்டு எது எதன் வழிவந்தது என்று பதிப்பாசிரியர் காண்பாரே, அதே முறைதான் இதுவும்.

2011இல் வெளியான ஆய்வு நேபாளத்தின் 24 கிருமி மாதிரிகளை ஹைட்டி மாதிரிகளுடன் ஒப்பிட்டது. நேபாள மாதிரிகளில் மூன்று, ஹைட்டியுடையவற்றிலிருந்து ஓரிரு எழுத்துகளே வேறுபட்டன. தொகை சொல்வது உறவை மட்டுமே, ஆற்றுக்கு வந்த வழியை அன்று. அந்த வழியைக் களத்தில் இறங்கித் தேடியவர் பிரெஞ்சு நோய்ப்பரவலியலாளர் ரெனோ பியாரூ. இரண்டும் சேர்ந்தபோதுதான் ஊர்மக்களின் சொல் மறுக்க முடியாததாயிற்று. ஏறத்தாழ 10,000 பேர் இறந்தபின், 2016 டிசம்பரில் ஐ.நா. பொதுச்செயலர் பான் கீ மூன் ஹைட்டி மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். மிகவும் தாமதம்.

இதே முறையில் 2011இல் உலகெங்குமிருந்து 154 மாதிரிகளை ஆராய்ந்தவர்கள், 1961இல் தொடங்கிய காலராவின் ஏழாம் உலகப்பரவல் வங்கக்கடல் பகுதியிலிருந்து மூன்று அலைகளாகப் புறப்பட்டதைக் கண்டனர். மூன்றாண்டுகளுக்கும் மேலாக ஓய்ந்திருந்த ஹைட்டியில் 2022இல் மீண்டும் காலரா வந்தபோது, முதலில் தேடப்பட்டதும் மரபணுத்தொகைதான். அது 2010இல் பரவிய கிருமிக்கு நெருங்கிய உறவாக இருந்தது.