விலங்கு மாதிரியா, நோய் மாதிரியுருவா?

வன்னியில் காலபோகத்துக்கு வயல் இறங்கும் காலத்தில் எலிக்காய்ச்சல் பற்றிய தமிழ் விளக்கங்கள் நிறையக் கைக்கு வரும். அவற்றில் திரும்பத் திரும்ப ஒரு சொல்: "விலங்கு மாதிரிகளில் ஆராயப்பட்டது." இரண்டு வரி தள்ளி "இரத்த மாதிரி." வாசிக்கிற விவசாயி என்ன நினைப்பார்? மாட்டில் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள் என்றுதான். சொல்ல வந்ததோ, மனித நோயை ஒரு விலங்கில் உண்டாக்கி ஆராய்ந்தார்கள் என்பது.

இங்கே 'மாதிரி' ஆன ஆங்கில மூலச்சொல் 'மொடல்' (model). அளவு என்று பொருள்படும் இலத்தீன் 'மோடஸ்' இத்தாலியம், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் அப்படியானது. ஒன்றை விளங்கிக்கொள்ளச் செய்யும் ஒப்புரு என்பது அதன் பொருள்.

இங்கே எதற்கு ஒப்புரு? விலங்குக்கு அல்ல, மனிதரில் வரும் நோய்க்கு. 'விலங்கு மாதிரி' இதைத் தலைகீழாக்குகிறது. களிமண்ணில் செய்த யானைக்குத்தான் அந்தப் பெயர் பொருந்தும். 'ஈரல் மாதிரி' இன்னும் மோசம்: வெட்டி எடுத்த ஈரல் துண்டா, ஈரல்தொற்றைக் காட்டும் எலியா? ஆய்வுகூடத்தில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்.

பழகிய சொல்தானே என்பார்கள். சரி, எலிக்காய்ச்சலையே பாருங்கள். 1914, 1915 ஆண்டுகளில் யப்பானில் இனடா, இடோ என்ற ஆய்வாளர்கள் நோயாளியின் இரத்தத்தைக் கினிப் பன்றி எனப்படும் சிறு கொறிவிலங்குகளுக்கு ஏற்றினார்கள். அவற்றுக்கும் மஞ்சள் காமாலை வந்தது, ஈரலில் சுருள் பற்றீரியா தெரிந்தது. இன்று பெரும்பாலும் ஹம்ஸ்டர் என்ற, எலி போன்ற சிறு விலங்குதான்; சிறிதளவு கிருமியிலேயே அதன் ஈரலும் சிறுநீரகமும் கெடும். வயல் எலியோ கிருமியைச் சிறுநீரகத்தில் சுமந்து, சிறுநீரோடு வெளியேற்றிக்கொண்டு, நோயில்லாமல் திரியும். ஆகவே எலிக்காய்ச்சலின் கடுமையைக் காட்ட அந்த எலி உதவாது. எந்த விலங்கு, எவ்வளவு கிருமி, எந்த வழியாக என்று தேடி நோயை உருவாக்குவதே இந்த வேலை. அந்த உழைப்பு முழுவதும் 'விலங்கு மாதிரி' என்ற சொல்லில் காணாமல் போகிறது.

'சோதனை விலங்கு' என்பதும் போதாது. தீவனம் தின்னக் கொடுத்துப் பார்க்கும் கோழியும் சோதனை விலங்குதான். தனித்தமிழ் அன்பர்கள் 'படிமம்' என்பார்கள். ஈரலை ஸ்கேன் செய்து எடுப்பதும் படிமமே. தூய்மைக்காகத் தெளிவை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

நம் பாடநூல்களில் 'மாதிரியுரு' இருக்கிறது. 'ஈரல்தொற்று மாதிரியுரு' என்று நோயை முன்னே வையுங்கள், விலங்கைச் சொல்ல வேண்டுமானால் 'ஹம்ஸ்டர்வழி' என்று சேருங்கள். 'மாதிரி' எடுத்த துண்டுக்கே இருக்கட்டும்.

மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியின் முதல் பொருளோடு நின்றுவிடுகிறார்கள். எலிக்காய்ச்சல் வராமலிருக்கக் கிழமைக்கொரு முறை டொக்சிசைக்கிளின் மாத்திரை விழுங்கி வயலில் இறங்குகிற மனிதருக்கு, அந்த மருந்து எப்படி ஆராயப்பட்டது என்று தன் மொழியில் விளங்க உரிமை உண்டு. பொதுமக்களுக்கான தாளில் மாதிரியுருவும் கனமானால், "இதே நோயை ஹம்ஸ்டரில் உண்டாக்கிப் பார்த்தார்கள்" என்று நேரே எழுதலாம்.