கிறிஸ்துமஸ் பந்துக்குள் ஒரு வெள்ளி ஆடி

டிசம்பர் பிறந்ததுமே பாரிமுனைச் சந்துகளில் வண்ணப் பந்துகளும் ஜிகினா மாலைகளும் சரம் சரமாகத் தொங்க ஆரம்பித்துவிடும். ராயபுரம், காசிமேடு, பெரம்பூர் என்று வடசென்னையின் எத்தனையோ வீடுகளுக்கு அலங்காரச் சாமான் இங்கிருந்துதான் போகிறது. மரம் சவுக்குக் கிளையாக இருக்கலாம், மடக்கி வைக்கிற பிளாஸ்டிக் மரமாக இருக்கலாம். பந்து கட்டாமல் மட்டும் விடமாட்டார்கள். அந்தப் பந்தின் மினுமினுப்புக்குப் பின்னால் அருமையான வேதியியல் இருக்கிறது.

ஆரம்பத்தில் மரத்தில் தொங்கியது பழம்தான். ஸ்ட்ராஸ்பர்க் நகர வீடுகளில் மரம் வைத்து, காகித ரோஜாவும் ஆப்பிளும் இனிப்பும் கட்டியதை 1605-ஆம் ஆண்டுக் குறிப்பு ஒன்று சொல்கிறது. கண்ணாடிப் பந்து வந்தது 19-ஆம் நூற்றாண்டில், ஜெர்மனியின் லௌஷா என்ற மலை ஊரில். 1597-இலிருந்தே கண்ணாடி ஊதிப் பிழைத்த ஊர் அது. கண்ணாடிக் குழாயைத் தீயில் காட்டி இளக்கி, வாயால் ஊதினால் பந்து உருவாகும். ஊதிய குழாயின் மிச்சம் காம்பாக ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தக் காம்பு வழியாக உள்ளே ஈயம் ஊற்றித்தான் முதலில் பளபளப்பு ஏற்றினார்கள். அப்புறம் வந்தது வெள்ளி. அதற்கான முறையைக் கொடுத்தவர் வேதியியலாளர் யுஸ்டுஸ் ஃபொன் லீபிக்.

இந்த வினையைப் பிளஸ் டூ ஆய்வகத்தில் பலர் கண்ணால் பார்த்திருப்பார்கள். அம்மோனியா கலந்த சில்வர் நைட்ரேட் கரைசலில் ஆல்டிஹைடு என்ற வகைக் கரிமச் சேர்மத்தைச் சேர்த்து வெந்நீரில் வைத்தால், சோதனைக் குழாயின் உட்சுவர் மெல்ல மெல்ல ஆடியாக, அதாவது முகம் பார்க்கும் கண்ணாடியாக, மாறும். அதுதான் டாலன்ஸ் சோதனை. பந்துக்குள்ளும் அதே கதைதான். கரைசலில் உள்ள வெள்ளி ஓர் எலக்ட்ரானை இழந்த அயனி. குளுக்கோஸ் போன்ற சர்க்கரை அந்த எலக்ட்ரானைத் திருப்பிக் கொடுக்கிறது. உடனே வெள்ளி அணுவாகிக் கண்ணாடிச் சுவரில் படிகிறது. இளஞ்சூட்டில் பந்தைக் குலுக்கிக்கொண்டே இருந்தால் உள்பக்கம் முழுவதும் ஒரே சீராக வெள்ளி ஏறிவிடும். மீதிக் கரைசலை வடித்துவிட்டு, வெளியே சாயம் பூசி, காம்பை வெட்டி, மூடி போட்டால் வேலை முடிந்தது.

வெள்ளியை உள்ளே பூசியதில் இன்னொரு லாபமும் உண்டு. காற்றில் ஹைட்ரஜன் சல்பைடு கொஞ்சம் இருந்தாலே வெள்ளி கறுத்துவிடும். சாக்கடையிலிருந்து எழும் வாயு அது. பக்கிங்காம் கால்வாய் ஓரத்தில் குடியிருப்பவர்களுக்கு அதன் நாற்றம் நன்றாகவே தெரியும். பூச்சு வெளியே இருந்திருந்தால் பந்து சீக்கிரமே மங்கியிருக்கும். கண்ணாடிதான் அதற்குக் கவசம்.

உருண்டை வடிவத்துக்கும் காரணம் இருக்கிறது. தட்டையான ஆடி ஒரு விளக்கின் ஒளியை ஒரே திசையில்தான் திருப்பி அனுப்பும். உருண்டையின் மேற்பரப்போ எல்லாத் திசையையும் பார்த்திருக்கிறது. அதனால் அறையில் நாம் எங்கே நின்றாலும், நம் பக்கம் தெரியும் பந்துகளில் பெரும்பாலானவை விளக்கை ஒரு புள்ளியாகக் காட்டிவிடும். ஜிகினா வேறு வழியில் போகிறது: ஆயிரக்கணக்கான மெல்லிய கீற்றுகள், ஒவ்வொன்றும் ஒரு கோணத்தில். மின்விசிறி சுழன்றால் கோணம் மாறும், மின்னலும் இடம் மாறும். அந்தக் கீற்று முதலில் வெள்ளித் தகடாக இருந்தது. பிறகு ஈயத்திலும் செய்தார்கள். குழந்தைகளுக்கு ஆபத்து என்பதால் ஈய ஜிகினா 1972-இல் அமெரிக்காவில் கைவிடப்பட்டது.

இன்று கடையில் கிடைப்பது பெரும்பாலும் பிளாஸ்டிக்கும் அலுமினியமும். காற்றை உறிஞ்சி எடுத்த அறைக்குள் அலுமினியத்தைச் சூடாக்கி ஆவியாக்குகிறார்கள். தடுக்கக் காற்று இல்லாததால் அணுக்கள் நேராகப் பாய்ந்து பிளாஸ்டிக்கில் படிகின்றன. சிப்ஸ் பாக்கெட்டின் உள்பக்கம் பளபளப்பதும் இதே நுட்பத்தால்தான். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு; பூச்சின் தடிமன் சாதாரணமாக அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. விலை குறைவு, கீழே விழுந்தாலும் உடையாது, எல்லா வீட்டுக்கும் எட்டுகிறது. இதை நான் மனதார வரவேற்கிறேன். ஆனாலும் கண்ணாடியும் வெள்ளியும் சேர்ந்து தரும் ஆழம் அதில் வருவதில்லை.

பழைய கண்ணாடிப் பந்து வீட்டில் இருந்தால் தண்ணீரில் கழுவாதீர்கள். மூடி வழியாக ஈரம் இறங்கினால் உள்ளே வெள்ளி உரிந்துவிடும். உலர்ந்த துணியால் மெதுவாகத் துடைத்து, காகிதத்தில் சுற்றி, கடற்காற்று படாத பெட்டியில் வைத்தால் போதும்.