மெனு வெளிச்சத்துக்கு லோக்கல் ஸ்டோரேஜ் எதற்கு?

மெனுவில் தப்பான ஐட்டம் எரிகிற தளம் ஒன்று போன வாரமும் என்னிடம் வந்து சேர்ந்தது. புதுச்சேரி ஒயிட் டவுனில் ஒரு விருந்தினர் விடுதி. தமிழ், ஆங்கிலம், பிரெஞ்சு என்று மூன்று மொழிகளில் தளம் வைத்திருக்கிறார்கள். ரிசப்ஷனில் இருப்பவர் ‘அறைகள்’ பக்கத்தின் லிங்கை விருந்தினருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். திறந்தால் அறைப் படங்கள் ஒழுங்காக வருகின்றன. மேலே மெனுவில் மட்டும் ‘தொடர்புக்கு’ பளிச்சென்று எரிகிறது. முந்தின நாள் போன் நம்பர் தேடி வந்தபோது அந்த விருந்தினர் கடைசியாகத் தொட்டது அதைத்தான். பிரெஞ்சுப் பக்கத்தில் இன்னும் கூத்து. அங்கே மெனுவில் காலை உணவுக்கென்று ஒரு ஐட்டம் கூடுதல். அதனால் தமிழில் தொட்டுவிட்டு பிரெஞ்சுக்கு மாறினால் ஒன்று தள்ளித்தான் எரியும்.

நிரலைத் திறந்து பார்க்கும் முன்பே காரணம் தெரியும். கிளிக் செய்த ஐட்டத்தின் வரிசை எண்ணை லோக்கல் ஸ்டோரேஜில், அதாவது தளம் பயனரின் பிரவுசருக்குள் தகவல் சேமிக்கும் இடத்தில் போட்டு, பக்கம் லோடாகும்போது எடுத்து, ஐட்டத்தை எரிய வைக்கும் ஆக்டிவ் கிளாஸை ஒட்டியிருக்கிறார்கள். எங்கள் ஊரில் இன்டர்வியூவுக்கு வருகிற பிள்ளைகளிடம், ‘ரெஃப்ரெஷ் செய்தபிறகும் மெனு ஹைலைட் நிற்க என்ன செய்வாய்?’ என்று கேட்டால் பாதிப் பேர் இதைத்தான் சொல்கிறார்கள். அனுபவசாலிகளும் சொல்கிறார்கள், அதுதான் எரிச்சல்.

ரெஃப்ரெஷ் செய்தால் கிளாஸ் ஏன் போகிறது என்று இங்கே பாடம் எடுக்கப் போவதில்லை. பக்கம் புதிதாக வந்தது, பழையதில் ஒட்டியது பழையதோடு போனது. தொல்லை அதற்கு அடுத்த யோசனையில் இருக்கிறது: ‘போய்விட்டதா, அப்படியானால் எங்காவது சேமித்து வைப்போம்.’

எதைச் சேமிக்கிறீர்கள்? பயனர் கடைசியாக எதைக் கிளிக் செய்தார் என்பதை. மெனு காட்ட வேண்டியது அதுவா? அவர் இப்போது எந்தப் பக்கத்தில் நிற்கிறார் என்பதை அல்லவா காட்ட வேண்டும்? கடலூர் பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு, நேற்று எடுத்த விழுப்புரம் டிக்கெட்டைப் பார்த்து ‘விழுப்புரம் போகிறேன்’ என்று சொல்வது போலத்தான் இது. ஒரு பக்கத்துக்குள் நுழைய மெனு கிளிக் ஒன்றுதானா வழி? பேக் பட்டன் இருக்கிறது. புக்மார்க், கூகுள் தேடல், வாட்ஸ்அப் லிங்க், பக்கத்தின் நடுவே இருக்கும் ‘முன்பதிவு செய்ய’ பட்டன் எல்லாம் இருக்கின்றன. இவை எதுவும் மெனு கிளிக்கைக் கவனிக்கும் உங்கள் கிளிக் ஹேண்ட்லரைக் கேட்டுவிட்டு வருவதில்லை.

லோக்கல் ஸ்டோரேஜ் அந்தத் தளத்தின் எல்லா டேபுகளுக்கும் பொது. பிரவுசரை மூடினாலும் அழியாது. இரண்டு டேபைத் திறந்து ஒன்றில் ‘அறைகள்’, மற்றதில் ‘கட்டணம்’ என்று வைத்துக்கொண்டு முதலாவதை ரெஃப்ரெஷ் செய்து பாருங்கள், குட்டு உடைந்துவிடும். ‘சரி சார், செஷன் ஸ்டோரேஜ்?’ என்று உடனே ஒருவர் கேட்பார். அது டேபுக்கு டேப் தனி என்பது உண்மைதான். பேக் பட்டனை அழுத்தினால் அதுவும் அதே பொய்யைத்தான் சொல்லும்.

தேவையான தகவல் மேலே அட்ரஸ் பாரிலேயே இருக்கிறது. ரெஃப்ரெஷ் செய்தாலும் அது அப்படியே நிற்கும். லொகேஷனின் பாத்நேமை, அதாவது முகவரியில் தளத்தின் பெயருக்குப் பின்னால் கேள்விக்குறிக்கு முன்னால் வரும் பாதையை எடுங்கள், மெனுவில் உள்ள ஒவ்வொரு லிங்கின் பாத்நேமோடு ஒப்பிடுங்கள், பொருந்தினால் கிளாஸைப் போடுங்கள். நாலு வரி வேலை.

அந்த நாலு வரியிலும் சறுக்குகிறவர்கள் உண்டு. முழு முகவரியை ஒப்பிடாதீர்கள். ஃபேஸ்புக்கிலிருந்து வருகிறவரின் முகவரியில் கேள்விக்குறிக்குப் பின்னால் ஒரு நீண்ட வால் தொங்கும். கடைசிச் சாய்கோடு ஓரிடத்தில் இருக்கும், ஓரிடத்தில் இருக்காது. ஒப்பிடும் இரண்டு பாதைகளிலும் அதை வெட்டிவிட்டு ஒப்பிடுங்கள். உள்பக்கங்களுக்கும் தாய் மெனு எரியட்டும் என்று ஸ்டார்ட்ஸ்வித் போட்டு, பாதையின் தொடக்கம் மட்டும் பொருந்துகிறதா என்று பார்த்தால் முகப்பு எப்போதும் எரியும். எல்லாப் பாதையும் சாய்கோட்டில்தானே தொடங்குகிறது! பிரெஞ்சுக்கென்று முன்னொட்டு வைத்த தளத்தில் பிரெஞ்சு முகப்புக்கும் இதே கதி. முகப்புகளுக்கு மட்டும் முழுப் பொருத்தம் கேளுங்கள்.

தமிழில் முகவரி வைப்பவர்கள் கவனிக்க: பாத்நேம் ‘அறைகள்’ என்று தமிழில் வராது, சதவீதக் குறிகளாக மாற்றப்பட்டுத்தான் வரும். ஒவ்வொரு தமிழ் யூனிகோட் குறியும் யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் 3 பைட், பைட்டுக்கு ஒரு சதவீதக் குறியும் இரண்டு எழுத்தும், ஆகத் தமிழ்க் குறி ஒன்றுக்கு 9 எழுத்து. கெட்ஆட்ரிபியூட் போட்டு எடுத்த ஹெச்ரெஃப் (லிங்கில் எழுதிய முகவரி) நீங்கள் எழுதியபடி தமிழிலேயே நிற்கும், இரண்டும் ஜென்மத்துக்கும் பொருந்தாது. லிங்கின் பாத்நேமை எடுத்தால் இரண்டும் ஒரே வடிவில் இருக்கும்.

சர்வரில் பக்கம் உருவாகும் தளமென்றால் இந்த ஜாவாஸ்கிரிப்ட்கூட வேண்டாம். வேர்ட்பிரஸ் மெனு தானே கரண்ட்-மெனு-ஐட்டம் என்ற கிளாஸைப் போட்டுக்கொடுக்கிறது. பிஎச்பி ஃப்ரேம்வொர்க்கான லாராவெலில், இப்போது எந்தப் பக்கம் என்று சோதிக்க ரிக்வெஸ்ட்டின் ரூட்இஸ் இருக்கிறது. பிரவுசரிலேயே ஓடும் ரியாக்ட் தளமென்றால் ரியாக்ட் ரூட்டரின் நேவ்லிங்க் பார்த்துக்கொள்ளும், மொழி முகப்புக்கு மட்டும் முழுப் பொருத்தம் கேட்கும் எண்ட் ப்ராப் கொடுங்கள்.

ஹெச்ரெஃபில் வெறும் ஹேஷ் குறியைப் போட்டு, பக்கத்தை மாற்றாமல் உள்ளடக்கத்தை மட்டும் ஏஜாக்ஸில் மாற்றுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முகவரியே மாறாத தளத்தில் எந்த வித்தையும் பலிக்காது. நிஜ முகவரி கொடுங்கள், பக்கத்தை லோடு செய்யாமல் முகவரியை மாற்றும் புஷ்ஸ்டேட் பயன்படுத்துங்கள், பேக் பட்டனை அழுத்தும்போது வரும் பாப்ஸ்டேட்டையும் கவனியுங்கள். வாடிக்கையாளர் லிங்க் அனுப்பவாவது முடியும்.

கிளாஸோடு, ‘இப்போது இருக்கும் பக்கம் இது’ என்று ஸ்க்ரீன் ரீடருக்குச் சொல்லும் ஏரியா-கரண்ட் என்ற ஆட்ரிபியூட்டுக்கு ‘பேஜ்’ என்ற மதிப்பையும் சேர்த்துவிடுங்கள். 2017இல் வந்த ஏரியா 1.1 தரத்திலேயே இது இருக்கிறது. ஸ்க்ரீன் ரீடரில் கேட்கிறவருக்கு உங்கள் ஆரஞ்சு நிறம் கேட்காது, ஐயா. சிஎஸ்எஸ்ஸையும் அந்த ஆட்ரிபியூட்டின்மேலேயே எழுதினால் தனிக் கிளாஸே தேவைப்படாது. நிறத்தோடு ஒரு அடிக்கோடும் இருக்கட்டும்.

விடுதிக்காரருக்குப் பழைய நிரலை நீக்கிக் கொடுத்தாயிற்று. விருந்தினர்களின் பிரவுசரில் பழைய வரிசை எண் இன்னும் கிடக்கும், படிக்க ஆளில்லாததால் தொந்தரவு இல்லை.