ஹெசெத்: தமிழில் எந்தச் சொல்?

மே அல்லது ஜூன் மாதத்தில் யூதர்கள் ஷவுவோத் பண்டிகை கொண்டாடுவார்கள். ஷவுவோத் என்றால் வாரங்கள். பஸ்கா பண்டிகையிலிருந்து ஏழு வாரம் எண்ணி ஐம்பதாம் நாள் வரும் கோதுமை அறுவடைத் திருநாள் இது. சீனாய் மலையில் தோரா என்னும் திருச்சட்டம் அருளப்பட்ட நாளாகவும் கொண்டாடப்படுகிறது. பலர் இரவெல்லாம் கண்விழித்து மறைநூல் படிப்பார்கள், பால் பலகாரங்கள் செய்வார்கள். அன்று வாசிக்கப்படும் சிறு நூல் ரூத்தின் கதை.

நான்கே அதிகாரம் கொண்ட அந்நூலில் ‘ஹெசெத்’ என்ற எபிரேயச் சொல் மூன்று இடங்களில் வருகிறது. தமிழ்நாட்டுச் சபைகளில் பரவலாக வாசிக்கப்படும் வேதாகமத்தில் அது முதலில் ‘தயை’, அடுத்து ‘தயவு’, மூன்றாவதாக ‘நற்குணம்’. இதே சொல்தான் 136ஆம் சங்கீதத்தின் 26 வசனங்களிலும் ‘கிருபை’ என்று ஒலிக்கிறது; ஓசியாவில் ‘பலியை அல்ல இரக்கத்தையும்’ என்னும் இடத்தில் ‘இரக்கம்’ ஆகிறது. கத்தோலிக்கர்கள் வாசிக்கும் பொது மொழிபெயர்ப்பிலோ அந்தச் சங்கீதத்தில் ‘பேரன்பு’. ஒரு சொல்லுக்கு ஆறு சொற்கள்! தரங்கம்பாடியில் பழைய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கிய ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்கு 1719இல் இறந்தபோது, அவருடைய பணி ரூத் வரைதான் வந்திருந்தது. ஆக, இந்தச் சொல்லோடு தமிழ் மல்லுக்கட்டத் தொடங்கி முந்நூறு ஆண்டுக்கு மேலாகிறது.

சொல்லின் முதல் எழுத்து அடித்தொண்டையிலிருந்து எழும் ஒலி. அதனால் ‘கெசெத்’ என்று எழுதுவோரும் உண்டு. ஹெசெத் உடையவர் ‘ஹசித்’; ஹசிதியர் என்னும் யூதப் பிரிவின் பெயர் இதிலிருந்து வந்தது. நாரைக்குக்கூட எபிரேயத்தில் ‘ஹசிதா’ என்று பெயர். தன் கூட்டத்துக்கு இரையைப் பகிர்ந்து தருவதால் இப்பெயர் என்று, யூதச் சட்ட விவாதங்களைத் தொகுத்த தல்மூத் நூலின் விளக்கம் சொல்கிறது.

பொருளுக்கு வருவோம். ஹெசெத் மனத்தில் எழும் உருக்கத்தோடு நின்றுவிடுவதில்லை, கை வேலை செய்யவேண்டும். பெத்லகேமிலிருந்து பஞ்சம் பிழைக்க மோவாபுக்குப் போன நகோமி, அங்கே கணவரையும் இரண்டு மகன்களையும் பறிகொடுக்கிறாள். ஊர் திரும்பும்போது மருமகள்கள் இருவரையும் தாய்வீட்டுக்குப் போகச் சொல்கிறாள். ஒர்பாள் அழுது, முத்தமிட்டுத் திரும்பிவிடுகிறாள். கதை அவளை ஒரு சொல்லாலும் குறைகூறவில்லை. ரூத் மட்டும் கூடவே நடக்கிறாள். உறவு கேட்பதைச் செய்து முடித்த பிறகும் தொடர்ந்து நடக்கும் அந்த நடைக்குத்தான் ஹெசெத் என்று பெயர்.

பெத்லகேமில் வாற்கோதுமை அறுப்பு. ரூத் கதிர் பொறுக்கப் போகிறாள். லேவியராகமம் 23ஆம் அதிகாரம் பண்டிகைகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்து, ஷவுவோத் படையல் முறையை முடித்த கையோடு, நடுவே இதைச் சொல்கிறது: வயலின் ஓரத்தை முற்றாக அறுக்காதே, சிந்திய கதிரைப் பொறுக்காதே, அது எளியவருக்கும் அந்நியருக்கும். ஓரம் அறுபதில் ஒரு பங்குக்குக் குறையக்கூடாது என்று பின்னாளில் யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா அளவு வைத்தது. சிந்தியது எவ்வளவு என்பதற்கும் கணக்கு உண்டு. இரண்டு கதிர் விழுந்தால் ஏழைக்கு, மூன்று விழுந்தால் நிலக்காரருக்கு என்றார்கள் ஹில்லேல் என்னும் யூத அறிஞரின் மரபினர்.

நிலக்காரர் போவாஸ் இந்தச் சட்டத்தைத் தாண்டிப் போகிறார். சாப்பாட்டு வேளையில் ரூத்தை அழைத்து, அப்பத்தைக் காடியில் தோய்த்துக்கொள்ளச் சொல்லி, வறுத்த தானியத்தைத் தானே எடுத்துக் கொடுக்கிறார். அவள் எழுந்து போனதும் வேலையாட்களிடம், அரிக்கட்டிலிருந்து கதிர்களை வேண்டுமென்றே உருவிப் போடுங்கள், அவளை அதட்டாதீர்கள் என்கிறார். அவளுக்கு அது தெரியாது. தன் கையால் பொறுக்கியதாகவே நினைத்து வீட்டுக்குக் கொண்டுபோவாள். கொடுத்தவர் யார் என்று தெரியாமலே பெறும் அந்தக் கௌரவத்தை எண்ணும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்கிறது.

தமிழில் பலர் இதைத் ‘தருமம்’ என்று சொல்லிவிடுகிறார்கள். யூத மரபில் தருமத்துக்கு ‘செதாக்கா’ என்று வேறு சொல் இருக்கிறது. ஹெசெத் செய்வதை ‘கெமிலுத் ஹசாதிம்’ என்பார்கள். தல்மூத் இரண்டையும் வேறுபடுத்துகிறது: செதாக்கா பணத்தால் ஆவது, மற்றது பணத்தாலும் உடலுழைப்பாலும், செதாக்கா ஏழைக்கு, மற்றது ஏழைக்கும் செல்வருக்கும், செதாக்கா உயிரோடிருப்பவருக்கு, மற்றது இறந்தவருக்கும். இறந்தவரை நீராட்டி அடக்கம் செய்வதை ‘உண்மையான ஹெசெத்’ என்கிறார்கள், பெற்றவரால் திருப்பித் தர இயலாது என்பதால்.

கெமிலுத் ஹசாதிமின் சுருக்கம்தான் ‘கெமாக்’. யூதர் வாழும் பகுதிகளில் வீட்டு அறையிலோ அலமாரியிலோ இயங்கும் இரவல் நிலையம் அது. மணப்பெண் உடுப்பு, தொட்டில், ஊன்றுகோல், வட்டியில்லாக் கடன் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கெமாக் உண்டு. 1976இல் எருசலேமில் ஊரி லுபோலியான்ஸ்கி தொடங்கிய யாத் சாரா, நீராவி பிடிக்கும் கருவிகளை இரவல் தருவதில் ஆரம்பித்தது. இன்று சக்கர நாற்காலி வரை இரவல் தரும் பெரிய தன்னார்வ அமைப்பு. அவர் பின்னர் அந்நகரின் மேயரும் ஆனார்.

சரி, தமிழில் என்ன சொல்வது? தயை, தயவு, கருணை எல்லாம் மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்குக் காட்டுவதாகவே என் காதில் விழுகின்றன. ஈகை இல்லாதவருக்குக் கொடுப்பதோடு நின்றுவிடும். இரக்கத்துக்குத் துன்பப்படுபவர் ஒருவர் வேண்டும். என் தேர்வு ‘ஒப்புரவு’, அதாவது பிறருக்கு உதவி வாழ்வது. குறள் இதற்குத் தனி அதிகாரமே வைத்து, ‘கைம்மாறு வேண்டா கடப்பாடு’ என்று மழையைக் காட்டித் தொடங்குகிறது. அதற்கு அடுத்த அதிகாரமாக ஈகை தனியாக இருப்பதையும் கவனிக்கவேண்டும்: செதாக்காவையும் ஹெசெத்தையும் யூதர்கள் பிரித்ததுபோலவே வள்ளுவரும் பிரித்திருக்கிறார். ஒரு சிக்கல் உண்டு. கிறிஸ்தவத் தமிழில் ‘ஒப்புரவாகுதல்’ என்றால் சமாதானமாவது; கத்தோலிக்கரிடம் ஒப்புரவு அருட்சாதனம் என்பது குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனம். அதனால் சங்கீதத்தில் ‘பேரன்பு’ என்றே இருக்கட்டும், கடவுளின் ஹெசெத்துக்கு அது நிறைவாகப் பொருந்துகிறது. மனிதர்கள் ஒருவருக்கொருவர் செய்வதற்கு ஒப்புரவே பொருத்தம்.

நகோமி மருமகள்களை வழியனுப்பும் வசனத்தில் இதைப் போட்டு வாசித்துப் பாருங்கள்: “மரித்துப்போனவர்களுக்கும் எனக்கும் நீங்கள் ஒப்புரவு செய்ததுபோல…” அந்தப் பாதையில் நிற்கும் மூன்று விதவைகளில் யாரும் மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை.